சளியனுக்கு ஒரு வாசல்

ஒக்டோபர் 3

கிடைத்துவிட்டது. மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டு வாய் வலித்த பொருள் இன்று பகல் ஒரு லொறியின் பின்பக்கத்தில், ஐஸ் மேல் படுத்தபடி வந்து சேர்ந்தது. இறந்துபோன ஓர் ஓங்கில். டொல்பினின் குட்டைச் சொந்தக்காரன்; என் உயரம்தான் இருக்கும். யாரோ விரித்த வலையில் சிக்கி மூச்சடைத்துச் செத்திருக்கிறது. மிருக வைத்தியர்கள் வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டு, தடித்த நூலால் தைத்து எங்கள் கடல் ஆய்வு நிலையத்துக்கே தந்துவிட்டார்கள்.

"தாச்சா, சிரிக்காதே. சாரதி பயப்படுகிறார்," என்றார் பேராசிரியர் இங்கெபோர்க். என் பெயர் தாட்சாயினி. மூன்று வருடமாகியும் அது முழுசாக அவர் வாய்க்குள் நுழையவில்லை.

சிரிக்காமல் என்ன செய்வேன். சளியனுக்கு விருந்து வைக்கப்போகிறேன். சளியன் என்பது நான் வைத்த பெயர். பாடப்புத்தகத்தில் ஹேக்ஃபிஷ் (hagfish) என்றிருக்கும். விலாங்குபோல நீளம், முழங்கை அளவு, இளஞ்சிவப்புத் தோல். முதுகெலும்பு இல்லை, தாடை இல்லை, செதில் இல்லை. கண் இருக்கிறது என்று பேச்சுக்குச் சொல்லலாம், பார்வை கிடையாது. ஆனால் இதயம் மட்டும் பெரியது ஒன்று, துணைக்கு மூன்று. மூக்குத்துளை ஒன்றே ஒன்று. இந்தக் குடாவின் அடிச் சேற்றில் குழி தோண்டி, மூஞ்சியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, மேலேயிருந்து எப்போது என்ன செத்து விழும் என்று மோப்பம் பிடித்தபடி கிடக்கும். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கவும் அதற்குத் தெரியும். பூமியில் ஒரு டைனோசரும் பிறக்காத காலத்திலிருந்து இதே வேலைதான். இதைவிட அழகான பிராணி ஒன்றை யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

ஒக்டோபர் 4

முழு நாளும் ஓங்கிலோடு. தலைமுடியில்கூட அந்த வாசனை. பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை, இடம் தாராளமாக இருந்தது.

என் திட்டத்தை இங்கே ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், பிறகு தடுமாறாமல் சொல்ல உதவும். சளியனுக்குத் தாடை இல்லை. நாக்கில் மட்டும் சீப்புப்போலப் பற்கள். அதனால் மெத்தென்ற சதையைச் சுரண்டி எடுக்கும், ஆனால் ஓங்கிலின் தடித்த தோலைத் துளைக்க முடியாது. உள்ளே போக அதற்கு ஒரு வாசல் வேண்டும். போய்விட்டால் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வெறும் தோலை மிச்சம் வைக்கும். தோலாலேயே சத்தை உறிஞ்சும் என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குள் படுத்துக்கொண்டு உடம்பு முழுவதாலும் சாப்பிடுகிற பாக்கியம் வேறு யாருக்கு இருக்கிறது. ஆகவே தையல் போட்ட வயிற்றையும் வாலையும் கித்தான் துணியால் இறுக்கிச் சுற்றிவிட்டோம். தலை மட்டும் வெளியே. வாய்தான் வாசல். எத்தனை பேர் வருகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்பதைக் கமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

இருபத்து நான்காம் திகதி என் ஆய்வின் இடைக்கால மதிப்பீடு. இங்கெபோர்க் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: அதற்குள் சளியன் ஓங்கிலைத் தின்கிற ஒரு பதிவாவது இல்லையென்றால், இந்த வேலையை மூடிவிட்டு என்னை சால்மன் பேன் பிரிவுக்கு அனுப்புவார்கள். பண்ணை மீனின் உடம்பில் ஒட்டியிருக்கும் பேன் எண்ணுகிற வேலை. பருத்தித்துறையில் பள்ளிக்கூடம் போகமுன் பேன் பார்த்தது போதும், அதற்காக நான் வடதுருவத்துக்குப் பக்கத்தில் வந்து குந்தவில்லை.

படகுக்காரர் ஸ்வெரே கித்தான் சுற்ற உதவினார். முன்பு தூண்டில் கப்பலில் இருந்தவர். சளியனைக் கண்ணில் காட்டக்கூடாது. அவர் பிடித்த எத்தனையோ கொட் மீனை அவை உள்ளே புகுந்து தோல் பையாக்கியிருக்கின்றன. அவர் கயிறு எடுக்கப் போன நேரம் நான் தலைப்பக்கத்தை நேராக்கி, துடைத்து, செய்யவேண்டிய எல்லாவற்றையும் முறையாகச் செய்து முடித்தேன். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏனென்று விளங்கவில்லை. நோர்வேக்காரர் சிலநேரம் அப்படித்தான்.

ஒக்டோபர் 5

இறக்கிவிட்டோம். இங்கே கரை செங்குத்து. கல்லெறி தூரத்திலேயே நூறு மீற்றருக்கு மேல் ஆழம். இரும்புச் சட்டத்தில் ஓங்கில், அதன் தலைக்கு நேரே கமரா, சிவப்பு விளக்கு. கேபிள் நேரே கரையிலுள்ள படகுக்கொட்டகைக்கு வருகிறது. திரையில் சேறு, பனி மாதிரி மெதுவாக விழுகிற தூசு, நடுவில் என் ஓங்கில் சாந்தமாகப் படுத்திருக்கிறது. பார்க்க நிறைவாக இருந்தது.

சின்னம்மாவின் அழைப்பு வந்தது. கை ஈரம், எடுக்கவில்லை.

ஒக்டோபர் 6

நண்டு இரண்டு. வேறு ஒருவரும் இல்லை.

ஒக்டோபர் 8

இன்னும் நண்டு. அதுவும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, விலை விசாரித்த ஆள்போலப் போய்விடுகிறது.

பதற்றம் தாங்காமல் நிலையத்துத் தொட்டியிலிருக்கும் என் ஏழு சளியன்களையும் போய்ப் பார்த்தேன். ஒரு துண்டு மீனைக் காட்டியதும் சேற்றிலிருந்து ஏழு மூஞ்சியும் வெளியே வந்தன. ஒன்று மீனை நாக்கால் பிடித்துக்கொண்டு, தன் வாலில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைத் தலைவரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து, அதையே முட்டுக்கொடுத்துச் சதையைப் பிய்த்து எடுத்தது. நூறு தரம் பார்த்திருக்கிறேன், நூற்றோராவது தரமும் கைதட்டத் தோன்றியது. இவ்வளவு பசியுள்ள சொந்தக்காரர் கீழே இருக்கும்போது ஓங்கிலிடம் ஏன் ஒருவரும் வரவில்லை.

சின்னம்மா மூன்று தரம் அழைத்திருக்கிறார். நாளைக்குப் பேச வேண்டும்.

ஒக்டோபர் 10

நான் பேசாததால் சின்னம்மாவே பஸ் பிடித்து வந்துவிட்டார். அம்மாவின் தங்கை. முப்பது வருடத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்து மீன் பதனிடுகிற தொழிற்சாலையில் நின்றவர், இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. இடியப்பம், மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் நாலு அடுக்குப் பாத்திரத்தில். படகுக்கொட்டகை முழுக்க மணந்தது. ஸ்வெரே இரண்டு தரம் ஏதோ தேடுவதுபோல உள்ளே வந்து போனார். மூன்றாம் தரம் சின்னம்மா அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினார்.

"இதையோடி நீ படிக்கிறாய்?" என்று, தொட்டியிலிருந்து நான் ஒரு சளியனைப் பிடித்துவந்து வைத்திருந்த வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தொடாதேங்கோ சின்னம்மா."

தொட்டுவிட்டார். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் வாளித் தண்ணீர் முழுவதும் சவ்வரிசிக் கஞ்சி ஆகிவிட்டது. கையைத் தூக்கினால் கையோடு வாளித் தண்ணீரும் எழும்பி வருகிறது. சளியனைப் பெரிய மீன் கவ்வினால் இப்படித்தான் அதன் செவுளை அடைத்துத் தப்பிக்கொள்ளும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். சின்னம்மா கேட்கிற நிலையில் இல்லை.

"கோதாரி விழுந்தது, வழிக்க வழிக்க வருதடி. இதுக்குத்தான் அக்கா உன்னைப் பெத்து வளத்து அனுப்பினவவோ?"

அந்தச் சளியனே தன் சளியில் மூச்சுமுட்டி, ஒரு தும்மல் தும்மி மூக்கைத் துப்புரவாக்கியது. அதைப் பார்த்தபிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கை துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை மாற்றினார்.

"பார்சல் ஆறு மாசமாக் கிடக்கு பிள்ளை. நான் ஊரிலயிருந்து சுமந்துகொண்டு வந்தது. உன்ரை சாமான். ஒருநாள் வந்து பிரிச்சுப் பாரன்."

"வேலை முடியட்டும் சின்னம்மா."

"தம்பியோடை கதைச்சியோ? பங்குனியிலை ஆட்டத்திவசம் வருது. நீ என்ன செய்யப்போறாய் எண்டு கேக்கிறான்."

நான் அவருக்குத் திரையைக் காட்டினேன். அவருக்கு விஞ்ஞானத்தில் அக்கறை வரவேண்டும் என்றுதான். கிட்டப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நீயோ கட்டினனி?" என்று கேட்டார்.

"ஓம், நான்தான். வடிவாக் கட்டியிருக்கிறன் என்ன? ஒரு துளியும் நெகிழேல்லை."

என் தலையைத் தடவிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி வெளியே போய் நின்றார். கொட்டகையில் டீசல் புகை கொஞ்சம் அதிகம்தான். ஸ்வெரேயிடம் சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் 12

வந்துவிட்டார்கள்.

முதலில் ஒன்று. திரையின் இடது மூலையில் சேறு இலேசாகப் புகைந்தது, அதிலிருந்து ஒரு மூஞ்சி, ஆறு மீசை, பிறகு அந்த இளஞ்சிவப்பு உடம்பு. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன், அது ஸ்வெரேயின் காலில் விழுந்தது. சளியன் நேரே ஓங்கிலின் தலைக்கு வந்தது. மூஞ்சியின் நுனியில் இருந்து ஒரு கரையாக மோந்துகொண்டே போய், மறு கரையாகத் திரும்பி வந்தது. அதற்குள் இரண்டு, மூன்று. மதியத்துக்குள் எண்ணிக்கை தவறிவிட்டது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பின்னி, வழுக்கி, ஓங்கிலின் தலையைச் சுற்றி ஒரு திருவிழா.

இங்கெபோர்க்குக்குத் தகவல் போட்டேன். இரண்டு பிழையோடு போட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. யாருக்குக் கவலை.

ஒக்டோபர் 13

எல்லோரும் போய்விட்டார்கள். ஒருவரும் தின்னவில்லை.

ஒக்டோபர் 14

இங்கெபோர்க் வந்து பதிவு முழுவதையும் போட்டுப் பார்த்தார். கூட்டம் வருகிறது, தலையைச் சுற்றுகிறது, மோப்பம் பிடிக்கிறது, கலைந்து போகிறது. இன்று காலையும் ஒரு சின்னக் கூட்டம் வந்து அதேபோலப் போனது.

"வருகின்றன. ஆனால் உண்ணவில்லை," என்றார். "இறைச்சியில் ஏதோ பிழை இருக்கலாம். அல்லது பார்வை இல்லாவிட்டாலும் சிவப்பு வெளிச்சம் அவற்றின் தோலுக்கு உறுத்துகிறதோ என்னவோ. பத்து நாளில் இன்னொரு ஓங்கிலுக்கு நான் எங்கே போவேன், தாச்சா?"

"வெளிச்சம் உறுத்தினால் வந்திருக்கவே மாட்டாதே," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேன் பிரிவில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

ஒக்டோபர் 16

இன்று பகல் முழுவதும் ஒரே ஒரு சளியனை மட்டும் பின்தொடர்ந்தேன். வாலில் ஒரு பழைய தழும்பு இருப்பதால் அடையாளம் காணலாம். வந்து, ஓங்கிலின் மூஞ்சிக் கரையில் மூக்கை வைத்து அழுத்தியது. நகர்ந்தது. மறுபடி அழுத்தியது. பூட்டியிருக்கிற வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு இடமாகத் தள்ளிப் பார்த்தது. கடைசியாகத் தாடைக்குக் கீழே வந்து, அங்கேயிருந்த வெள்ளைத் துணியை நாக்கால் இரண்டு தரம் சுரண்டிவிட்டுத் திரும்பிப் போனது.

வெள்ளைத் துணி.

படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். தாடைக்குக் கீழாகப் போய், தலைக்கு மேலாக வந்து, உச்சியில் முடிச்சு. அகலமான துண்டு, மடித்து, சுருக்கமில்லாமல். வாய் இறுக மூடியிருக்கிறது.

அந்த முடிச்சு என்னுடையது. நான்காம் திகதி, ஸ்வெரே கயிறு எடுக்கப் போன நேரம், களஞ்சியத்திலிருந்த பழைய படுக்கைவிரிப்பைக் கிழித்து ஓங்கிலுக்கு வாய்க்கட்டுக் கட்டியிருக்கிறேன். வாய்தான் வாசல் என்று எழுதிய அதே நாள், அதே கையால் வாசலைப் பூட்டியிருக்கிறேன். பதினொரு நாளாக அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாந்தமாகப் படுத்திருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறேன். செத்தவர்களின் முகம் எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்ததால் என் கண்ணுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

ஒக்டோபர் 17

காற்று. கடல் வெள்ளையாகக் கிடக்கிறது. வெளியே போக முடியாது என்று ஸ்வெரே தலையாட்டிவிட்டார். கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன். கோப்பி ஊற்றித் தந்தார்.

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன், வேறு வேலையும் இல்லை. அம்மா பங்குனியில் செத்துப்போனா. என் வதிவிட அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது, கடவுச்சீட்டும் அதோடு. போகவில்லை. சின்னம்மா போனார். நான் இங்கே ஆய்வுகூடத்து மேசையில் கைபேசியைச் சாத்திவைத்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் பார்த்தேன். தம்பியின் சிநேகிதன் ஒருவன் படம் பிடித்தான். பாதி நேரம் யாருடைய முதுகோதான் தெரிந்தது. சின்னம்மா அம்மாவின் நாடிக்குக் கீழே வெள்ளைத் துணியைக் கொடுத்து உச்சியில் முடிந்ததைப் பார்த்தேன். மகள் செய்கிற வேலை அது. பறை வீட்டு வாசலைத் தாண்டுகிறபோது தொடர்பு அறுந்துபோனது. பிறகு சேரவில்லை.

அடுத்தநாள் வேலைக்கு வந்து சளியனுக்குத் தண்ணீர் மாற்றினேன். அழவில்லை. எனக்கு அழுகை வராதாக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். கை மட்டும் செய்யாமல் விட்ட வேலையை ஞாபகம் வைத்திருந்திருக்கிறது.

ஒக்டோபர் 18

காற்று.

ஒக்டோபர் 19

விடிந்ததும் ஸ்வெரே வந்து கொட்டகைக் கதவைத் தட்டினார். "அலை இன்னும் இருக்கிறது. நீ வாந்தி எடுத்தால் கடல் பக்கத்துக்கு எடு, எனக்கு மேலே எடுக்காதே," என்றார். அவர் பாஷையில் அது சம்மதம்.

சட்டத்தை மேலே இழுக்கிறபோது அவரிடம் உண்மையைச் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை.

"நீ கட்டி முடித்துவிட்டுக் கையைக் கூப்பினாயே, அதைக் கண்டேன்," என்றார். "உங்கள் ஊர் வழக்கம் என்று விளங்கியது. வாயை மூடினால் இந்தப் பிசாசுகள் எப்படி உள்ளே போகும் என்று கேட்க நினைத்தேன். ஆனால் அது கேட்கிற விஷயம் இல்லை என்று விட்டுவிட்டேன்."

நான் கை கூப்பியது எனக்குத் தெரியாது. பேராசிரியரோ, கடலுக்குள் இறக்குகிறபோது தாடை கிழியாமல் இருக்க நான் செய்த ஏற்பாடு என்று நினைத்திருப்பார். ஒருவர் மரியாதைக்காகக் கேட்கவில்லை, மற்றவர் என்னை நம்பிக் கேட்கவில்லை. இவ்வளவு நல்லவர்கள் நடுவில் என் ஆய்வு மூழ்கப் பார்த்தது.

ஓங்கில் மேலே வந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதமாட்டேன். துணி தண்ணீரில் ஊறி முடிச்சுக் கல்லாகியிருந்தது. ஸ்வெரே கத்தியை நீட்டினார். வாங்கவில்லை. வெட்டக்கூடாது என்று பட்டது, ஏனென்று கேட்டால் விஞ்ஞானரீதியான பதில் என்னிடம் இல்லை. விரல் விறைத்துப்போனதால் குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். ஸ்வெரே கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முடிச்சு நெகிழ்ந்தது. துணியை உருவியதும் ஓங்கிலின் வாய் தானாகத் திறந்தது.

சட்டத்தை மறுபடி அதே இடத்தில் இறக்கினோம். அதற்குப் பிறகுதான் வாந்தி எடுத்தேன். பக்கத்துக்குத்தான்.

ஒக்டோபர் 20

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் திரை சரியாகத் தெரியவில்லை.

பழைய தழும்புக்காரன்தான் முதலில் வந்தான். மூஞ்சிக் கரையில் மூக்கை வைத்தான், நகர்ந்தான், வாய்க்கு வந்தான். நின்றான். நானும் மூச்சை நிறுத்தினேன். மீசை ஆறும் உள்ளே வளைந்தன, தலை உள்ளே போனது, உடம்பு மெதுவாக, பிறகு ஒரே வழுக்காக வால்வரை உள்ளே போய்விட்டது. ஒரு நிமிடத்துக்குப் பிறகு இரண்டாவது. அதன்பின் வாய் கொள்ளாத அளவுக்குக் கூட்டம், கலியாண வீட்டுப் பந்தி திறந்த மாதிரி.

ஸ்வெரே என் பின்னால் நின்று, "அருவருப்பான பிறவிகள்," என்றார். ஆனால் இரண்டு மணித்தியாலம் அவர் நகரவே இல்லை.

ஒக்டோபர் 21

ஓங்கில் மூச்சு விடுகிறது.

கித்தானுக்கு முன்னால் தெரிகிற கழுத்துத் தோல் ஏறுகிறது, இறங்குகிறது, ஓர் அலை தலையிலிருந்து நெஞ்சுப்பக்கம் ஓடுகிறது. வெளியே ஒரு சளியனும் இல்லை. எல்லோரும் உள்ளே. முதலில் கண்டபோது மயிர்க்கூச்செறிந்தது. பிறகு சிரித்தேன், சிரிப்பு நிற்கவில்லை, அதோடு அழுகையும் வந்து ஒன்று சேர்ந்துகொண்டது. கொட்டகையில் ஒருவரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன். டீசல் புகை இல்லை.

ஒக்டோபர் 23

சட்டத்தை மேலே எடுத்தோம். கித்தானைப் பிரித்தால் உள்ளே எலும்பும் தோலும்தான், நீளமான பை. பையைச் சரித்ததும் உள்ளே தங்கிவிட்ட கடைசி விருந்தாளிகள் படகின் தட்டில் வழுக்கி விழுந்து, வாளியும் தட்டும் ஸ்வெரேயின் சப்பாத்தும் எல்லாம் சளி. அவற்றை அவரே இரண்டு கையாலும் அள்ளிக் கடலில் விட்டார். தழும்புக்காரனை நான் விட்டேன். வயிறு முட்டிப்போய் முடிச்சுப் போடக்கூட அவனால் முடியவில்லை.

ஒக்டோபர் 24

மதிப்பீடு. பேர்கனிலிருந்து வந்த பேராசிரியர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். திரையில் மூஞ்சியை மோந்து திரும்புகிற கூட்டம், அதே ஓங்கில், அதே இடம், வாய் திறந்தபிறகு உள்ளே பாய்கிற கூட்டம்.

"மூடிய வாயும் திறந்த வாயும். பசி இருந்தும் வாசல் இல்லாமல் அவை தோற்றுப்போவதைக் காட்டிவிட்டீர்கள்," என்றார். "அழகான ஒப்பீடு. முதலிலேயே இப்படித் திட்டமிட்டீர்களா?"

இங்கெபோர்க் என்னைப் பார்த்தார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பேன் பிரிவு போய்த் தொலைந்துவிடும்.

"இல்லை," என்றேன். "எங்கள் ஊரில் இறந்தவர்களின் வாயைத் துணியால் கட்டுவோம். என் அம்மா இறந்தபோது நான் போகவில்லை. இதற்குக் கட்டிவிட்டேன். கட்டியது எனக்கே தெரியாது."

பேர்கன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இங்கெபோர்க்தான் பேசினார்.

"செய்முறைப் பகுதியில் அதை அப்படியே எழுது, தாட்சாயினி."

என் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டார். ஆய்வு தொடர்கிறது. பங்குனியில் இரண்டு கிழமை விடுமுறையும் கேட்டேன், கேட்ட வாயிலேயே தந்தார்கள். வெளியே வந்து படிக்கட்டை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்கினேன்.

ஒக்டோபர் 26

சின்னம்மா வீட்டுக்குப் போனேன். பார்சலைப் பிரித்தோம். பனங்கட்டி, மிளகாய்த்தூள், அம்மாவின் மயில்கழுத்து நிறச் சேலை. மிளகாய்த்தூள் சேலை முழுவதும் மணந்தது. மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"சின்னம்மா, அண்டைக்கு அம்மாவுக்குக் கட்டினதைப் பேந்து அவிட்டவையோ?"

"சுடலையிலை அவிழ்க்கிறதுதானே பிள்ளை முறை. வாய்க்கட்டு, கால்கட்டு எல்லாம் அவிட்டுப்போட்டுத்தான் கொள்ளி வைப்பினம்." பிறகு யோசித்தார். "ஆனால் நான் காணேல்லை. பொம்பிளையள் நாங்கள் படலையோடை நிண்டிட்டம்."

அவருக்கும் தெரியாது. பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக நானே தம்பியை அழைத்தேன். அங்கே இரவு, ஆனால் உடனே எடுத்தான். எடுத்ததும் பயந்துபோய், "என்னக்கா, ஆருக்கும் ஏதுமோ?" என்றான்.

"ஒண்டுமில்லை. அம்மான்ரை வாய்க்கட்டு அவிட்டனீங்களோ?"

தொடர்பு அறுந்துபோனதோ என்று பார்த்தேன். இருந்தது.

"நான்தான் அக்கா அவிட்டனான்," என்றான். "முடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. ஐயர் கத்தி தந்தவர், எனக்கு வெட்ட மனம் வரேல்லை. அம்மான்ரை நெத்தியிலை முகத்தை வைச்சு, பல்லாலை கடிச்சு அவிட்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"நானும் அப்பிடித்தான்ரா," என்றேன்.

"நீயோ? என்னக்கா சொல்லுறாய்?"

சின்னம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அவனுக்குச் சளியனைப் பற்றி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.